தலைகீழாக நடந்த தெரு

விழுப்புரத்தில் ஒரு பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. நாள் முழுக்கப் படம் எடுக்கிறேன், எல்லாம் கடைவாய்ப் பல். அதனாலோ என்னவோ, வேலை முடிந்ததும் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் போய்விடுவேன். கொக்கு, மழை, பஸ் ஸ்டாண்டில் தூங்கும் நாய் என்று எது கிடைத்தாலும் எடுப்பேன். யாரிடமும் காட்டுவது கிடையாது. வீட்டுக்காரரிடம் காட்டினால் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே "நல்லாருக்கு" என்பார்.

ஏப்ரலில் பெங்களூர் போனது படம் எடுப்பதற்காக அல்ல. அங்கே மர்பி டவுனில் இருக்கும் என் தங்கை ரேவதிக்குக் கழுத்தில் தைராய்டு கட்டி. ஆபரேஷன் என்று தேதி குறித்துவிட்டார்கள். அவள் கணவர் சேகர் ஆஸ்பத்திரியில் கூட இருக்க வேண்டும், பிள்ளைகள் இரண்டு பேரையும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். என் மகன் சென்னையில் ஹாஸ்டலில் இருக்கிறான், எனக்கு லீவும் மீதி இருந்தது, கிளம்பிவிட்டேன். பையில் புடவைகளுக்கு நடுவே என் பெரிய கேமராவையும், எப்போதோ வாங்கிய பழைய சின்னக் கேமராவையும் வைத்தபோது, "ஆஸ்பத்திரி விஷயமா போறே, இதெல்லாம் எதுக்கு?" என்றார் வீட்டுக்காரர். ஆனாலும் எடுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை காலை இறங்கியபோது முதலில் முகத்தில் பட்டது காற்று. விழுப்புரத்தில் அந்த நேரத்துக்கே முதுகு நனைந்திருக்கும். இங்கே ஏப்ரலிலும் ஆட்டோக்காரர் ஸ்வெட்டர் போட்டிருந்தார். போகிற வழியில் ஒரு மரம் இலை ஒன்றுகூட இல்லாமல் முழுக்க ஊதாப் பூவாக நின்றது. அடியில் நிறுத்தியிருந்த காரின் கூரை, நடைபாதை, பக்கத்துத் தள்ளுவண்டியின் குடை எல்லாம் ஊதா. "நிறுத்துங்க, ஒரே ஒரு படம்" என்றேன். ஆட்டோக்காரர் போனில் ஒருவரிடம் உருதுவில் சண்டை போட்டபடி, சிக்னல் போலீசிடம் கன்னடத்தில் கும்பிடு போட்டு, என்னிடம் தமிழில் சொன்னார்: "இது ஒரு மரமாக்கா? உள்ள போனா ரோடு பூரா இதான். எத்தினி எடுப்பீங்க?" அவர் சொன்னது உண்மைதான். அடுத்த திருப்பத்தில் அப்படியே ஒரு வரிசை நின்றது. நான் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தபடி வந்தேன்.

ரேவதியின் வீடு ஒரு சந்தில் இருக்கிறது. முன்னறை, சமையலறை, பின்னால் ஒரு அறை. கதவைத் திறந்தால் நேராகத் தெருவில்தான் கால் வைக்க வேண்டும். எதிர்வீடு கைக்கெட்டும் தூரம். கிளிப்பச்சைச் சுவர், நீலக் கதவு. உள்ளே ஃபிரிட்ஜின் மேல் சின்னப் புத்தர், அவர் பக்கத்தில் பிள்ளைகளின் பள்ளி அடையாள அட்டைகள். பெரியவள் கௌதமிக்குப் பத்து வயது. வாசலிலேயே என் பையை வாங்கிக்கொண்டு, எங்கே தூங்க வேண்டும், எந்த ஸ்விட்ச் வேலை செய்யாது என்று எல்லாம் சொல்லிவிட்டாள். சின்னவன் ராகுலனுக்கு ஆறு வயது. கட்டிலில் உட்கார்ந்து செருப்பு வாரைப் போட்டுக் கழற்றிப் போட்டுக் கழற்றிக் கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரியில் ரேவதியைப் பார்த்தேன். ரேவதி நர்சரிப் பள்ளி டீச்சர். அவள் வகுப்பில் கதை சொன்னால் பக்கத்து வகுப்புப் பிள்ளைகளும் அமைதியாகிவிடும் என்பார்கள். வீட்டில் கூப்பிட்டால் சந்தின் கோடியில் விளையாடும் பிள்ளைகள் ஓடி வரும். அன்று அவள் மெதுவாகப் பேசினாள்.

"குரலுக்குப் போற நரம்பு அந்தக் கட்டிக்குப் பக்கத்துலயே போகுதாம்க்கா. ஜாக்கிரதையாத்தான் பண்ணுவோம், ஆனா பட்டா குரல் மாறலாம், போகவும் போகலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. கையெழுத்து வாங்கிட்டாங்க."

"ஒண்ணும் ஆகாது."

"ஆகாதுதான். பசங்ககிட்ட மட்டும் சொல்லாத."

வார்டுக்குள் சின்னப் பிள்ளைகளை விட மாட்டார்கள். "தெனம் பசங்கள ஒரு படம் எடுத்து அனுப்பு, அவர் போன்ல பாத்துக்கறேன்" என்றாள். பிள்ளைகளை எடுப்பதைவிடப் பிள்ளைகளே எடுக்கட்டுமே என்று அப்போதுதான் தோன்றியது.

வியாழக்கிழமை காலை ரேவதியை ஆபரேஷனுக்கு அழைத்துப் போகும் நேரத்தில், நான் பிள்ளைகளோடு அல்சூர் ஏரிக்கரையில் இருந்தேன். வீட்டில் இருந்தால் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன் என்று பயம். முதலில் ஒரு சின்ன ஓட்டலில் நின்றபடியே சாப்பிட்டோம். தட்டில் ஒரு பக்கம் காரப் பாத் என்கிற ரவை உப்புமா, ஒரு பக்கம் கேசரி. எதை முதலில் சாப்பிடுவது என்று நான் யோசித்தபோது கௌதமி, "ரெண்டையும் மாத்தி மாத்தி, பெரியம்மா. அதுக்குத்தான் ஒரே தட்டுல வைக்கிறாங்க" என்றாள். சாம்பாரில் வெல்லம். முதல் வாயில் முகத்தைச் சுளித்தேன், மூன்றாவது வாயில் இன்னொரு கிண்ணம் கேட்டேன்.

சின்னக் கேமராவை இருவருக்கும் பொதுவாகக் கொடுத்தேன். "அம்மாவுக்கு அனுப்பணும். நீங்க என்ன பாக்கறீங்களோ அதை எடுங்க." வேறு எதுவும் சொல்லவில்லை. விழுப்புரத்தில் கொக்கையும் நீர்க்காகத்தையும் துரத்தி அலைந்த எனக்கு, ஊருக்கு நடுவே, பஸ் ஹாரனுக்குப் பக்கத்தில், கூழைக்கடாக்கள் படகு மாதிரி மிதப்பதை நம்பவே முடியவில்லை. ஒன்று மேலே எழும்பி வட்டமடித்து எங்களுக்கு நேராக இறங்கியது. சிறகை விரித்தால் கட்டில் அகலம். காலை முன்னால் நீட்டி, தண்ணீரைச் சறுக்கிக் கிழித்து, சட்டென்று மடங்கி, ஒன்றும் நடக்காதது போல உட்கார்ந்துவிட்டது. நான் படமே எடுக்கவில்லை. மறந்துபோனேன். கௌதமி எடுத்திருந்தாள். பறவை தண்ணீரைத் தொடும் கணம், கொஞ்சம் கலங்கல், ஆனால் என்ன படம்!

"சக்கத்தா வந்திருக்கு" என்று அவளே சொல்லிக்கொண்டாள். கன்னடத்தில் பிரமாதம் என்பதற்கு அப்படித்தான் சொல்வார்களாம்.

ராகுலன் எடுத்ததில் பறவை இல்லை. பறவை இறங்கிய பிறகு விரியும் வளையங்கள் மட்டும். வளையத்துக்குள் எதிர்க்கரைக் கட்டடம் உடைந்து உடைந்து கிடந்தது. "பறவ எங்கடா?" என்றாள் அக்காள். "அது போயிருச்சு. இது இருக்கு" என்றான்.

நான் அந்தச் சின்னத் திரையைக் கண்ணருகே வைத்துப் பார்த்தேன். இத்தனை வருஷம் ஏரிக்கரையில் நின்றிருக்கிறேன், பறவை உட்கார்ந்ததும் கேமராவை இறக்கிவிடுவேன். அதற்குப் பிறகும் தண்ணீர் என்னவோ செய்துகொண்டிருந்திருக்கிறது.

சாயங்காலம் சேகர் கூப்பிட்டார். "முடிஞ்சுதுக்கா. நல்லபடியா எடுத்துட்டாங்களாம். பயப்படற மாதிரிக் கட்டி இல்லன்னு சொல்றாங்க. பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க, வீட்டுக்குப் போற வரைக்கும்."

"குரல்?"

"அது பேசினாத்தான் தெரியும்."

இரண்டு படங்களையும் அனுப்பினோம். கொஞ்ச நேரத்தில் இரண்டுக்கும் கைதட்டும் பொம்மை வந்தது. கௌதமி குதித்தாள். ராகுலன் திரையையே பார்த்துவிட்டு, "இது அம்மா அனுப்பினாங்களா, அப்பா அனுப்பினாங்களா?" என்றான். அம்மாதான் என்றேன். நான் வந்ததிலிருந்து அதுவரை அவன் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

வெள்ளிக்கிழமை லால்பாக் போவதாகத் திட்டம். கண்ணாடி மாளிகையைப் படம் எடுக்க வேண்டும் என்பது என் ஆசை. ஒரு பஸ் மாறி, இன்னொரு பஸ்ஸுக்காக நின்றோம். பலகை கன்னடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கௌதமிக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு, ஆனால் அந்த நேரத்தில் அவள் கேமரா யார் முறை என்று தம்பியோடு சண்டையில் இருந்தாள். ஏ.சி. பஸ் ஒன்று வந்து கதவைத் திறந்தது. குளுகுளுவென்று இருந்தது, ஏறிவிட்டேன். கூட்டத்தில் கண்டக்டர் எங்களிடம் வந்து சேர்ந்தபோது பஸ் ஒரு மேம்பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தது.

"லால்பாக், மூணு" என்றேன்.

அவர் என்னையும் பிள்ளைகளையும் வெளியையும் பார்த்தார். கன்னடத்தில் பொறுமையாக ஏதோ சொன்னார். கௌதமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "லால்பாக் எப்பவோ போயிருச்சாம் பெரியம்மா. இது எலெக்ட்ரானிக் சிட்டி பஸ்ஸாம். பாலம் ஏறிட்டா நடுவுல எங்கயும் நிறுத்த முடியாதாம். ஏசில சும்னே உக்காந்து வாங்கன்றாரு."

வேறு வழி இல்லை, உட்கார்ந்தோம். அது ஒரு விசித்திரமான சாலை. தரையில் போகவில்லை, ஊரின் தலைமேல் போகிறது. இரு பக்கமும் மொட்டை மாடிகள் நமக்குச் சமமாக ஓடி வந்தன. கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள், கொடியில் வரிசையாக ஒரே நிற யூனிஃபார்ம் சட்டைகள், மாடியில் தனியாக நின்று எங்களைப் பார்த்துக் குரைக்கும் நாய், மிளகாய் காயவைக்கும் ஒரு பெண். அவள் நிமிர்ந்து பார்த்தபோது ராகுலன் கையை ஆட்டினான், அவளும் ஆட்டினாள். அடுத்த நொடி அவள் இல்லை. விழுப்புரத்தில் ஒரு வீட்டின் மாடியைப் பார்க்க வேண்டுமென்றால் அந்த வீட்டுக்கு விருந்தாளியாகப் போக வேண்டும். இங்கே ஆயிரம் மாடிகளைக் கேட்காமலே காட்டுகிறார்கள். பிள்ளைகள் சண்டையை மறந்து ஆளுக்கு ஒரு ஜன்னலாக உட்கார்ந்து கேமராவை மாற்றிக்கொண்டார்கள்.

இறங்கிய இடத்தில் கண்ணாடிக் கட்டடங்கள். நான் படத்தில் பார்த்திருக்கிறேன், அடியில் நின்றதில்லை. அண்ணாந்து பார்த்தால் கட்டடம் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. மேகம் கண்ணாடிக்குள் நகர்ந்தது. கழுத்தில் அட்டை மாட்டிய பையன்களும் பெண்களும் காபிக் கோப்பையோடு எங்களைத் தாண்டிப் போனார்கள். "நம்ம ஊர்ல இப்ப வெயில் மண்டையப் பொளக்கும் மச்சான்" என்று ஒருவன் சொல்லிக்கொண்டு போனான். எந்த ஊர் என்று கேட்கத் தோன்றியது.

ராகுலன் கேமராவைத் தலைக்கு மேலே தூக்கி எடுத்தான். காட்டினான். ஒரு பருந்து கண்ணாடிக் கட்டடத்துக்குள் பறந்துகொண்டிருந்தது. நிஜப் பருந்து படத்தில் இல்லை, அதன் பிம்பம் மட்டும் பத்து ஜன்னல்களில் பத்துத் துண்டாக. "அம்மாக்கு இது" என்றான். அவனாகவே அம்மாவுக்கென்று ஒன்றைக் காட்டியது அதுதான் முதல் தடவை.

அப்போதுதான் காவலாளி வந்தார். வயதானவர் இல்லை, மரியாதையாகத்தான் பேசினார். "இல்லி போட்டோ தெகியங்கில்ல மேடம். டிலீட் மாடி." இங்கே படம் எடுக்கக் கூடாதாம், அழித்துவிட வேண்டுமாம். நான் கெஞ்சினேன், பருந்து மட்டும்தான் என்று காட்டினேன். அவரும் பார்த்தார், அழகாக இருக்கிறது என்று தலையை ஆட்டினார், ஆனால் மேலே இருந்த கண்காணிப்புக் கேமராவைக் கண்ணால் காட்டினார். அவர் வேலை அது. அழித்தேன்.

ராகுலன் அழத் தொடங்கினான். முதலில் சத்தமில்லாமல், பிறகு தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி. காவலாளிக்குக் கஷ்டமாகிவிட்டது, தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். நான் அவனைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் ஜூஸ் விற்கும் வண்டியருகே போய் உட்கார்ந்தேன். இன்னொரு பருந்து வரும், வேறு படம் எடுக்கலாம் என்று என்னென்னவோ சொன்னேன். அவன் அழுதது பருந்துக்காக இல்லை.

"அம்மா இனிமே பேசவே மாட்டாங்களா?"

கௌதமி திரும்பினாள். "யார்றா சொன்னா உனக்கு?"

"அப்பா போன்ல சொன்னாங்க. நான் கட்டிலுக்கு அடியில இருந்தேன். குரல் போனாலும் போகும்னு சொன்னாங்க." விக்கலுக்கு நடுவே சொன்னான். "அப்பறம் என்ன எப்படிக் கூப்பிடுவாங்க?"

கௌதமியின் முகத்திலிருந்து பெரிய மனுஷித்தனம் அப்படியே இறங்கிவிட்டது. அவளும் குழந்தைதான் என்று அந்த நொடியில் பார்த்தேன். இருவரும் என்னைப் பார்த்தார்கள். ஒண்ணும் ஆகாது என்று ரேவதியிடம் சொன்னதை இவர்களிடம் சொல்ல மனசு வரவில்லை.

"எனக்கும் தெரியாது கண்ணு. ஆபரேஷன் நல்லா முடிஞ்சுது, அது நிஜம். பேச்சு வரும்னுதான் டாக்டர் நெனைக்கிறார். ஆனா நான் இன்னும் அவ குரலைக் கேக்கல. கேட்டாத்தான் எனக்கும் நிம்மதி."

"உங்களுக்கும் பயமா இருக்கா?" என்றான்.

"இருக்கு."

அவன் என் தர்பூசணி ஜூஸையும் சேர்த்துக் குடித்துவிட்டான். சேகர் இதே ஏரியாவில் கம்பெனிக் கேப் ஓட்டுபவர். அவரோடு வேலை செய்யும் டிரைவர் ஒருவர் காலி வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்தார், எங்களை ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் இருவரும் என் இரண்டு தோளிலும் சாய்ந்து தூங்கினார்கள். கேமரா பைக்குள்ளேயே இருந்தது.

சனிக்கிழமை எங்கும் போவதாக இல்லை. காலையிலேயே கரண்ட் போய்விட்டது. முன்னறையின் ஜன்னலுக்கு மரக் கதவு. இரவு குளிருக்கு அதைச் சாத்தியிருந்தோம், அறை கும்மிருட்டு. நான் சமையலறையில் மெழுகுவத்தி தேடிக்கொண்டிருந்தேன். பாயில் படுத்திருந்த ராகுலன் கூப்பிட்டான்.

"பெரியம்மா, செவுத்துல ஒரு ஆட்டோ தலகீழாப் போகுது."

கனவு காண்கிறான் என்று நினைத்தேன். "இப்ப ஒரு சைக்கிள்" என்றான். போய்ப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. "படுங்க பெரியம்மா. கொஞ்ச நேரம் பாத்தாத்தான் வரும்." அவன் பக்கத்தில் படுத்தேன். கண் இருட்டுக்குப் பழகப் பழக, ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் ஏதோ பச்சையாகக் கசிந்தது. பிறகு பச்சைக்குக் கீழே வெளிர் நீலம். பச்சைக்கு நடுவே நீலமாக ஒரு கட்டம். கட்டம் திறந்தது. அதிலிருந்து ஒரு பெண் கூரையில் நடப்பது போலத் தலைகீழாக வெளியே வந்து, தலைகீழாகத் தண்ணீர் தெளித்தாள். தண்ணீர் மேலே போனது.

எதிர்வீட்டு ஷாகிதா அக்கா.

எழுந்து ஜன்னலைத் தடவினேன். மரக் கதவில் பழைய தாழ்ப்பாளைக் கழற்றிய இடத்தில் ஒரு ஆணித்துளை. விரலால் மூடினேன், சுவரிலிருந்து தெரு போய்விட்டது. விரலை எடுத்தேன், தெரு வந்தது. எங்கள் ஜன்னல் மேற்குப் பார்த்தது. காலை வெயில் முழுவதும் எதிர்வீட்டில் விழுந்து, அந்த வெளிச்சம் அந்தத் துளை வழியாக உள்ளே வந்து சுவரில் தெருவையே எழுதிக்கொண்டிருந்தது. கேமரா இப்படித்தான் வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியும். டிப்ளமாவில் படித்து, பரீட்சையில் படம் போட்டு மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் ஒரு கேமராவுக்கு உள்ளே நான் படுத்துப் பார்த்தது கிடையாது. நான் ஒரு பட்டனையும் அழுத்தவில்லை, யாரும் அழுத்தவில்லை. நாங்கள் தூங்கும்போதும், சண்டை போடும்போதும், இது பாட்டுக்குத் தினமும் இந்தச் சுவரில் வந்து போயிருக்கிறது.

அதற்குப் பிறகு அந்த வீடு வீடாக இல்லை. கௌதமி கறுப்புச் சார்ட் பேப்பர் வாங்கி வந்து கதவிடுக்கு, வென்டிலேட்டர் என்று வெளிச்சம் வரும் இடத்தையெல்லாம் அடைத்தாள். பீரோவை நகர்த்தி, சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டினோம். துளையை ஸ்க்ரூ டிரைவரால் கொஞ்சம் பெரிதாக்கினேன். படம் பளிச்சென்று வந்தது. பெரிதாக்கியது போதாதென்று கௌதமி இன்னும் குடைந்தாள், வெளிச்சம் கூடி எல்லாம் கலங்கிவிட்டது. சார்ட் பேப்பரில் பென்சில் பருமனுக்கு ஓட்டை போட்டு அதன்மேல் ஒட்டினோம். சரியானது.

சந்துப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து பாயில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். பாதிப் பேர் வெளியே போய் ஆடுவார்கள், பாதிப் பேர் உள்ளே இருந்து கத்துவார்கள். "டேய், நீ பல்லி மாதிரி இருக்கடா!" ஷாகிதா அக்கா மதியத்துக்குத் தட்டு நிறையப் பிரியாணி எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தார். சுவரில் தட்டு கவிழ்ந்து வந்தது, ஒரு பருக்கை விழவில்லை. அறையே ஆரவாரித்தது. உள்ளே வந்த அவர், "அரே, என்னாம்மா, என்னப் பாத்து எதுக்கு சிரிக்கிறாங்க?" என்றார். அவரைப் பாயில் உட்காரவைத்தோம். தன் வீடு தலைகீழாகத் தொங்குவதையும், திறந்த கதவு வழியே தன் அடுப்பங்கரை வெளிச்சத்தையும் அவர் வெகுநேரம் பார்த்தார். "யா அல்லா" என்றார். பிறகு, "என் ஊடு இவ்ளோ அழகா?" என்றார்.

அந்தச் சுவரைப் படம் எடுக்கவும் முயன்றோம். வெளிச்சம் மிகக் குறைவு. பெரிய கேமராவை முக்காலியில் வைத்து நீண்ட நேரம் திறந்துவைக்க வேண்டியிருந்தது. வந்த படத்தைப் பார்த்துப் பிள்ளைகள் திகைத்துப்போனார்கள். வீடு இருந்தது, நின்றிருந்த ஸ்கூட்டர் இருந்தது. ஆனால் தெருவில் அவ்வளவு பேர் நடந்திருக்க, படத்தில் ஒரு ஆள் இல்லை.

"நடந்தவங்கெல்லாம் எங்க போனாங்க?" என்றான் ராகுலன்.

"நகந்துகிட்டே இருந்தா இதுல நிக்காது. நின்னாத்தான் விழும்."

கௌதமி உடனே தெருவுக்கு ஓடி, போவோர் வருவோரையெல்லாம் சிலையாக நிற்கச் சொன்னாள். காய்கறிக்காரர்கூட ஒரு நிமிஷம் தராசோடு அசையாமல் நின்றார். அந்தப் படத்தை ரேவதிக்கு அனுப்பினோம். பதில் எழுத்தில் வந்தது. "என்ன இது? நம்ம தெருவா? யார் தலைகீழா நிக்கிறது?" ராகுலன் அதை எழுத்துக் கூட்டிப் படித்தான். "இது அம்மாதான். அப்பா இத்தினி கேள்வி கேக்க மாட்டாங்க" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலை சேகர் போன் செய்தார். டிஸ்சார்ஜ் ஆகிவிட்டது, கிளம்பிவிட்டார்கள். "பேசினாளா?" என்று கேட்டேன். "மெதுவா ஆரம்பிக்கலாம்னு டாக்டர் சொன்னாருக்கா. இவ இன்னும் வாயத் தொறக்கல. வீட்டுல போய்ப் பேசறேன்னு கையாலயே சொல்றா." அவர் குரலும் சரியாக இல்லை.

வாசலில் நிற்கலாம் என்று நான் சொன்னேன். ராகுலன் மாட்டேன் என்றான். "உள்ளயே இருந்து பாக்கலாம்." அக்காளும் ஒத்துக்கொண்டாள். மூவரும் கதவைச் சாத்தி, வேட்டிக்கு எதிரே உட்கார்ந்தோம். வெயில் எதிர்வீட்டுச் சுவரில் நன்றாக ஏறியிருந்தது. முக்காலியில் கேமரா தயாராக இருந்தது. பால்காரர் கூரையில் போனார். ஒரு நாய் போனது. வெகுநேரம் வெறும் பச்சைச் சுவர் மட்டும். எங்கள் மூச்சுச் சத்தம் எங்களுக்கே கேட்டது.

வேட்டியின் ஓரத்தில் மஞ்சளாக ஒன்று வந்தது.

மெதுவாக வந்தது. மஞ்சள் சுடிதார், கழுத்தில் வெள்ளையாக ஒரு கட்டு. பின்னால் இரண்டு கையிலும் பையோடு சேகர். தலை கீழே, கால் மேலே, ஆனால் நடை ரேவதியின் நடை. உலகத்தில் வேறு யாரும் அப்படி ஒரு தோளைச் சாய்த்து நடக்க மாட்டார்கள். கௌதமி எழுந்து கதவை நோக்கிப் பாய்ந்தாள். ராகுலன் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டான். "தொறக்காத. தொறந்தா போயிரும்."

நீலக் கதவிலிருந்து ஷாகிதா அக்கா ஓடி வந்தார், ரேவதியின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தார். எதையோ சொல்லிச் சிரித்தார், எங்கள் ஜன்னல் பக்கம் கையை நீட்டிக் காட்டினார். சுவரில் ரேவதி எங்களைப் பார்த்துத் திரும்பினாள். நேராக எங்களை நோக்கி நடந்தாள். நடக்க நடக்கப் பெரிதானாள். வேட்டி முழுக்க மஞ்சளானது, கழுத்துக் கட்டு தலையணை அளவுக்கு வெளுத்து விரிந்தது, கலங்கியது. பிறகு அவள் துளையில் முகத்தை வைத்திருக்க வேண்டும். ஒரே நொடியில் தெரு, சுவர், வெயில், அவள் எல்லாம் அணைந்து அறை முழுக்க இருட்டு. பக்கத்தில் இருந்த பிள்ளைகளின் முகம்கூடத் தெரியவில்லை. யாரும் கேமராவைத் தொடவில்லை.

ஜன்னல் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு செருமல். பிறகு ஒரு குரல். கரகரவென்று, சளி பிடித்தது போல, பாதி காற்றாக. ஆனால் அவள் குரல்.

"ராகுலா."

என் கையை ஒரு சின்னக் கை இறுக்கிப் பிடித்தது. கௌதமி விசும்பும் சத்தம் கேட்டது. வெளியே அவள் காத்திருந்தாள். கடைசியில் அந்த இருட்டிலிருந்து ராகுலன் கத்தினான்:

"இன்னொரு தடவ கூப்புடு!"